கொடும்பாவிக்கு ஓர் அரைக்கைச் சட்டை

வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்தவளுக்குக் கல்யாண வீட்டில் நிம்மதியாகச் சாப்பாடு இறங்காது. இலையில் சாம்பார் விழுவதற்குள் பக்கத்து இலைக்காரர் திரும்பி, "என்னம்மா, மழை வருமா?" என்பார். வரும் என்றால் "எப்ப?" என்பார். வராது என்றால், அவர் வீட்டுப் பெண்ணை நான் வேண்டாமென்று சொல்லிவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஓய்வுபெற்ற பிறகும் இந்த விசாரணை ஓயவில்லை. திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருப் பெண்கள் வற்றல் காயப்போடும் முன் என் மொட்டை மாடியைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். என் வீட்டுக் கொடியில் துணி தொங்கினால் அவர்கள் வற்றல் போடுகிறார்கள். சில நாள் வெயில் கொளுத்தும்போது துணியை அவசரமாக எடுப்பது போல எடுத்துவிட்டு, ஜன்னல் ஓரம் நின்று வேடிக்கை பார்ப்பதுண்டு.

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது எல்லாம் தானியங்கிக் கருவியாம். அது தானே அளந்து, தானே அனுப்பிவிடுகிறது. ஊர் ஊராகப் பிரித்து விவசாயிகளின் ஃபோனுக்கே முன்னறிவிப்பு போகிறது. "ஆனா யாரும் தொறந்துகூடப் பாக்க மாட்டேங்கிறாங்க மேடம். ஒங்க காலத்துல எப்படிக் கேட்டாங்க? ஒங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்றார்கள்.

எங்கள் காலத்திலும் யாரும் கேட்கவில்லை. எரித்தார்கள். அதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை சுருக்கமானது. அறிவியல் படித்திருந்தேன், பரீட்சை எழுதினேன், வெளியூரில் பயிற்சி கொடுத்தார்கள். மேகங்களுக்கு எல்லாம் பெயர் சொல்லித் தந்தார்கள். புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது மேகம்தான் இல்லை.

எங்கள் அலுவலகம் ஒரு பண்ணையின் மூலையில் கம்பி வேலி போட்ட புல்தரை. அதன் நடுவில் நான்கு கால் வைத்த வெள்ளைப் பெட்டி. வெயில் நேரே படாமல் காற்று மட்டும் போய்வருகிற மாதிரி அதற்குச் சாய்வுப் பலகை வைத்த சுவர்கள். உள்ளே வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். காற்றில் எவ்வளவு ஈரம் என்பதை அதுதான் சொல்லும். பக்கத்தில் மழைமானி. கொஞ்சம் தள்ளி, எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறது என்று பார்க்க ஒரு பெரிய அகலத் தொட்டி. கோடையில் ஊர்க் காக்கை எல்லாம் அந்தத் தொட்டியில்தான் குளிக்கும். ஆவியானது எவ்வளவு, காக்கை குடித்தது எவ்வளவு என்று பிரிப்பதற்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. தொட்டிக்குக் கம்பி வலை போட்டோம். வலைமேல் குரங்கு உட்கார்ந்து வாலை மட்டும் உள்ளே விட்டது.

பஞ்சநாதம் சார்தான் எனக்கு அதிகாரி. கும்பகோணத்துக்காரர். ஒல்லி, சதுரக் கண்ணாடி, எப்போதும் வெளிர் நீலத்தில் அரைக்கைச் சட்டை, இடது கையில் குடை. சித்திரையில் தார் உருகும் வெயிலிலும் குடை வரும். ஆனால் விரிக்க மாட்டார். "வெயிலுக்கா சார்?" என்று ஒருமுறை கேட்டேன். "மழைக்கு" என்றார். மழைதான் இல்லையே என்றேன். "இல்லன்னு நீ எப்படிச் சொல்லலாம்? வாய்ப்பு குறைவுன்னு சொல்லு" என்றார்.

வெள்ளைப் பெட்டியைத் திறப்பதை அவர் கோயில் நடை திறப்பது போலச் சொல்லிக் கொடுத்தார். கதவு வடக்குப் பார்த்து இருக்கும், வெயில் உள்ளே விழாது. திறந்ததும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், நம் மூச்சுச் சூடு குமிழில் பட்டால் கணக்குத் தப்பும். கண்ணைப் பாதரசத்தின் மட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நான் குள்ளம் என்பதால் எனக்கென்று ஒரு மணை செய்து போட்டார். முதலில் கடைசி இலக்கத்தைப் பார், பிறகு முழு எண்ணைப் பார், நின்று யோசித்தால் நீயே அடுப்பாகி அதைச் சூடாக்குவாய் என்பார். மழை இல்லாத நாளிலும் மழைமானியைத் திறந்து பார்த்தே தீர வேண்டும். நான் அதில் பல்லி, புளியங்கொட்டை, ஆட்டுப் புழுக்கை, ஒரு தடவை ஒற்றைக் கொலுசு எல்லாம் கண்டெடுத்திருக்கிறேன். மழை மட்டும் அபூர்வம்.

முன்னறிவிப்புக்கு அவர் வானத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. வரைபடத்தைப் பார்ப்பார், பிறகு கூரையில் மின்விசிறியைப் பார்ப்பார், பிறகு சொல்வார். "உண்டு", "இல்லை" என்ற இரண்டு சொல்லும் அவர் வாயில் வராது. எல்லாம் "வாய்ப்பு", "ஓரிரு இடங்களில்". ஒரு நாள் அவர் மனைவி வடகம் பிழிய மாவைக் கிண்டி வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கே ஃபோன் செய்தார். இவர் மின்விசிறியைப் பார்த்துவிட்டு, "பெரும்பாலும் வறண்ட வானிலை. ஓரிரு இடங்களில் லேசா பெய்யலாம்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து மாமியின் குரல் எனக்கே கேட்டது. "அந்த ஓரிரு இடம் நம்ம மொட்டை மாடியா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கோ."

எங்கள் ஊர்க் கோடைக்கு முதலாளி யார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வெயில் என்று நினைப்பீர்கள். வெயில் வெறும் கணக்குப்பிள்ளை. முதலாளி, வானத்தில் உயரத்தில் ஊர் ஊராக, மாவட்டம் மாவட்டமாகப் பரந்து உட்காருகிற உயர் அழுத்தம். அது தலைக்கு மேல் உட்கார்ந்தால் மேலே உள்ள காற்று மெல்லக் கீழே இறங்கும். இறங்கும் காற்று நெருக்கப்பட்டுச் சூடாகும், சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பு சுடுகிறதே அதுபோல. கீழேயிருந்து எழும்பப் பார்க்கிற மேகத்தையும் அது எழும்ப விடாது. மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று கடல்காற்றைத் தடுத்துவிடும். அந்த நாட்களில் மணமேல்குடிக் கடற்கரையில் மத்தியானமே சட்டை படபடக்கும். இங்கே டவுனில் பொழுது சாய்ந்தாலும் வேப்பிலை அசையாது.

ஆனால் அதே உயர் அழுத்தம் கொஞ்சம் நகர்ந்து கிழக்கே வங்கக் கடலுக்குமேல் போய் உட்கார்ந்தால் கதையே வேறு. நம் பக்கத்தில் உயர் அழுத்தத்தைச் சுற்றிக் காற்று கோயிலை வலம்வருகிற மாதிரி வரும். அப்படி வரும்போது கடலின் ஈரத்தை எல்லாம் அள்ளித் தென்கிழக்கிலிருந்து நம்மிடம் கொண்டுவந்து கொட்டும். நிலம் ஏற்கெனவே கொதிக்கிறது, ஈரமும் வந்துவிட்டது. அப்புறம் சாயங்காலம் இடிதான்.

இதை ஆலங்குடிக்குக் கிழக்கே ஓர் ஊரில் விவசாயிகள் கூட்டத்தில் பஞ்சநாதம் சார் படம் போட்டு விளக்கினார். படத்தில் வட்டம் வட்டமாகக் கோடு. கூட்டம் கொட்டாவி விட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "இது வேற ஒண்ணுமில்லைங்க, மாமியார்தான்" என்றேன். "மாமியா வீட்டுக்குள்ளயே ஒக்காந்திருந்தா அடுப்புல பால் பொங்குமா? அடக்கி வச்சிருவாங்க. வீடும் அனலாக் கெடக்கும். அதே மாமியா கெளம்பி மக வீட்டுக்குப் போயிட்டா? அங்கன இருந்து முறுக்கும் அதிரசமுமா குடுத்து விடுவாங்க. மாமியா ஒண்ணுதான், ஒக்காந்த எடந்தான் வேற."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. என் மாமியார் அப்போது உயிரோடுதான் இருந்தார், கூட்டத்துக்கு வரவில்லை. அந்தத் தைரியம்தான். அன்று முதல் அந்த ஊரில் உயர் அழுத்தத்துக்கு மாமியா என்றே பேர் விழுந்துவிட்டது. சாரும் கொஞ்ச நாள் முறைத்தார். பிறகு ஒரு காலை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னைக்கும் மாமியார் ஆத்துலதான்" என்று முணுமுணுத்ததை நான் காதால் கேட்டேன்.

வெள்ளையம்மாளை அந்தக் கூட்டத்தில்தான் பழக்கம். என் வயதுதான் இருக்கும். புருஷன் இல்லை, மகன் வெளிநாட்டில். பெரிய புயலில் அவள் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்த பிறகு, அதே குழிகளில் கன்று வைத்து வளர்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வயலில் நிலக்கடலை. இரண்டுக்கும் தண்ணீர் ஒரே போர்க்கிணற்றிலிருந்து.

அந்தக் கோடையில் மாமியார் இடத்தைவிட்டு அசையவே இல்லை. பங்குனி போய்ச் சித்திரை நடுவுக்கு வந்துவிட்டது. கோடை மழை ஒரு பொட்டு இல்லை. வெள்ளையம்மாளின் போரில் தண்ணீர் நூலாக இளைத்துவிட்டது. கடலைக்கும் கன்றுக்கும் சேர்த்துக் காணாது. நானும் சாரும் அவள் வயலுக்குப் போயிருந்த அன்று வரப்பில் நின்று கணக்கை அவளே சொன்னாள்.

"கடலை இப்பதான் காய் பிடிக்குது சார். ஒரு மழை கெடைச்சாப் போதும், தேறிரும். மழை இல்லைன்னா, கொடி பச்சையா இருக்கையிலேயே ஆட்டை விட்டு மேய்ச்சிருவேன். ஆடாவது பொழைக்கும், தண்ணியைக் கன்னுக்குத் திருப்பிருவேன். காத்துக்கிட்டே இருந்து மழையும் வரலைன்னா கடலையும் போயி கன்னும் போயிரும். அதனால வாய்ப்பு கீய்ப்பெல்லாம் வேணாம். உண்டா, இல்லையா?"

சார் மேலே பார்த்தார். மின்விசிறி இல்லை, வானம்தான் இருந்தது. பழக்கமில்லாததால் உடனே குனிந்துகொண்டார். கன்றுகளைப் பார்த்தார். புயலில் விழுந்த மரத்தின் அடிக்கட்டை பக்கத்திலேயே கிடந்தது. பிறகு, என் காதையே என்னால் நம்ப முடியாதபடி, "இல்லை. இந்த வாரம் மழை இல்லை" என்றார்.

"அப்ப வெள்ளிக்கெழமை ஆட்டை விட்டுர்றேன்" என்றாள் வெள்ளையம்மாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். வியர்வைக்கு அல்ல.

வயலில் சொன்ன சொல் நாங்கள் பஸ் ஏறுவதற்குள் டீக்கடைக்குப் போய்விட்டது. ஊரில் கொதித்துவிட்டார்கள். வாய்ப்பு என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார்கள். படித்த மனுஷன், அரசாங்க ஆள், நல்ல நாள் பார்க்காமல் வாயைத் திறந்து "மழை இல்லை" என்றால் வருகிற மழையும் திரும்பிப் போய்விடாதா? ஊர்க்கூட்டம் போட்டுக் கொடும்பாவி கட்டுவது என்று முடிவு செய்தார்கள்.

எங்கள் பக்கம் மழை பொய்த்தால் இது வழக்கம். ஊரில் யாரோ கொடும்பாவி இருப்பதால்தான் மழை நின்றது என்று வைக்கோலில் ஆள் உருவம் செய்து, பாடையில் வைத்துத் தெருத்தெருவாக இழுப்பார்கள். பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். கடைசியில் காய்ந்த கண்மாயில் கொண்டுபோய் எரிப்பார்கள். பாவி யார் என்று பேர் சொல்வதில்லை, அதுதான் நாகரிகம். அந்த வருஷம் நாகரிகம் தேவைப்படவில்லை.

கொடும்பாவி செய்வதில் கைதேர்ந்தவர் கருப்பையா. புதன்கிழமை எனக்கு ஃபோன் செய்தார்.

"மல்லிகாம்மா, ஒரு சந்தேகம். சாரு கண்ணாடி வட்டமா, சதுரமா?"

"எதுக்குண்ணே?"

"சைக்கிள் கம்பியில வளைச்சுக்கிட்டிருக்கேன். தப்பாப் போயிரக் கூடாது பாருங்க."

எனக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பு தாங்காமல் மழைமானி வரைக்கும் ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். அதிகாரியிடம் இதை எப்படிச் சொல்வது? ஆனால் சொல்லாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை, அவ்வளவு ருசியான செய்தி. சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சதுரம்னு சொல்லு. சட்டை என்ன போடப்போறா?"

"கேக்கலையே சார்."

"கேளு. எதைச் செஞ்சாலும் சரியாச் செய்யணும். நான்னு சொல்லிட்டு முழுக்கைச் சட்டை போட்டா அது யாரோ."

மறுநாள் காலை, துவைத்து, அயர்ன் செய்து, செய்தித்தாளில் சுற்றி, அவருடைய வெளிர் நீல அரைக்கைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். ஆலங்குடி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன். தன் கொடும்பாவிக்குத் தானே சட்டை அனுப்பிய அதிகாரி துறையிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியைத் திறந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தவள் அடக்கியபடியே நின்றுவிட்டேன். ஈரக் குமிழ் ஏறியிருந்தது. மேலே காற்றுத்திசை காட்டி தென்கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே போனால் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டு, மறுபடி கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் புது வரைபடம். நேற்றுவரை நம் தலைமேல் இருந்த வட்டத்தின் நடுப்புள்ளி கடலுக்குள் போயிருந்தது. மாமியார் சொல்லாமல் கொள்ளாமல் மகள் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்.

"இன்னைக்குச் சாயங்காலமே..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "அந்தம்மா ஆட்டை விட்டிருப்பாளோ?"

வெள்ளையம்மாளுக்கு ஃபோன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கருப்பையாவுக்குச் செய்தேன். அவரும் எடுக்கவில்லை. அன்றைக்குத்தானே சாரின் சவ ஊர்வலம், தப்பு மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

"மல்லிகா, வண்டியில பெட்ரோல் இருக்கா?"

என் ஸ்கூட்டரின் பின்னால் குடையோடு உட்கார்ந்தார்.  வழியில் வண்டிக் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். பரீட்சைக்கு நேரமாகிப்போன பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை "இல்லை" என்றார், அதுவும் தப்பாகப் போனது. அதற்காக ஒரு பெண்ணின் வெள்ளாமை ஆட்டு வயிற்றுக்குள் போகப்போகிறது. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஊர் முனையில் ஊர்வலம் எதிர்ப்பட்டது. முன்னால் தப்பு. பின்னால் பாடையில் பஞ்சநாதம் சார் நெட்டையாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை பாந்தமாக இருந்தது. சதுரக் கண்ணாடி, எண்ணெய் தேய்க்காத தலை, கையில் ஒரு மூங்கில் குச்சி, அதுதான் குடையாம். சுற்றிப் பெண்கள் மாரடித்தார்கள்.

"காகிதத்தில் மழையைக் கட்டிக்
கக்கத்தில் வச்ச மவராசா,
கண்மாயும் வத்திப்போச்சே,
கதவத் தொறக்க மாட்டியளா!"

வண்டியிலிருந்து இறங்கிய சாரைப் பார்த்ததும் தப்பு நின்றது. பாடையில் இருப்பவரையும் எதிரில் நிற்பவரையும் ஊர் மாறி மாறிப் பார்த்தது.  கருப்பையா மட்டும் முகமெல்லாம் பல்லாக முன்னால் வந்தார்.

"வாங்க சார், வாங்க! நல்ல நேரத்துக்கு வந்தீங்க. ஒத்துப் பாருங்க, சரியா இருக்கா?"

சார் பாடையைச் சுற்றி வந்தார். கண்ணாடியை நேராக்கினார். "குடையை நான் இடது கையில பிடிப்பேன்" என்றார்.

"அடடே. இது கம்புதான சார். ஒங்க குடையைக் கொஞ்சம் குடுங்க, வச்சுப் பாத்துட்டுத் தாரேன்."

சார் கொடுத்துவிட்டார். கொடுத்ததை அந்த நேரத்தில் அவர் கவனிக்கவே இல்லை. ஏனென்றால் ஒப்பாரிக் கூட்டத்தின் நடுவில் வெள்ளையம்மாளைப் பார்த்துவிட்டார். தலைவிரி கோலமாக நின்றாள். மற்றவர்கள் அழுதது ஊர் வழக்கத்துக்கு. அவள் கண் நிஜமாகவே வீங்கியிருந்தது.

"ஆட்டை விட்டுட்டேளா?" என்றார்.

"இன்னும் இல்ல. இதை எரிச்சுட்டுப் போயி வேலியத் தொறந்துவிடணும்."

"தொறக்காதீங்கோ. மழை..." அவர் வாய் பழைய தடத்துக்குப் போகப் பார்த்தது. "மழைக்கு..."

"அன்னைக்கு இல்லேன்னு சொன்னீகளே சார்!"

"அன்னைக்கு அது தலைக்கு மேல இருந்துது. இன்னைக்குக் கடலுக்குப் போயிடுத்து."

"மாமியா கெளம்பிட்டாங்களா?"

"கிளம்பிட்டா."

வெள்ளையம்மாள் ஒரு அடி முன்னால் வந்தாள். "இன்னொருக்கா ஏமாத்திராதீக சார். இன்னைக்குத் தண்ணி விடலைன்னா கன்னு தாங்காது. உண்டா, இல்லையா?"

ஊரே வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. பாடையிலிருந்த சாரும் கூடக் காதைக் கொடுத்துக் கேட்பதாகத் தோன்றியது. "உண்டு" என்றார் பஞ்சநாதம் சார்.  "இன்னைக்கே உண்டு. இருக்கிற தண்ணியைக் கன்னுக்கே விடுங்கோ. கடலையை வானம் பாத்துக்கும்."

கருப்பையாவுக்கு வேறு கவலை. "அப்ப இதை எரிக்கணுமா, வேணாமா சார்?"

"எரிங்கோ. சீக்கிரம் எரிங்கோ. நனைஞ்சா வைக்கோல் பத்தாது."

வழக்கப்படி பாடையை முந்திக்கொண்டு யாரும் போகக் கூடாது. அதனால் சார் தன் சவ ஊர்வலத்தின் பின்னாலேயே கண்மாய் வரைக்கும் நடந்தார். பெண்கள் ஒப்பாரியைத் தொடர்ந்தார்கள். அவரைப் பார்த்துக்கொண்டு திட்டிப் பாடச் சங்கோசப்பட்டு, அடுத்த அடியில் "நல்ல மனுசன், நாலெழுத்துப் படிச்ச மனுசன்" என்று மாற்றிக்கொண்டார்கள். நெருப்பு வைத்தார்கள். சட்டை பிடித்தது, கண்ணாடிக் கம்பி சிவந்தது. குடையின் நினைவு சாருக்கு வந்தபோது அதன் கம்பிகள் மட்டும் விரிந்து நின்றன.

அதற்குப் பிறகுதான் வேதனை. மத்தியானம் போயிற்று, வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. வெள்ளையம்மாளின் வேலிக்கு இந்தப் பக்கம் ஆடுகள் கத்தின. போரின் நூல் தண்ணீர் கன்றுகளுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடலைக் கொடி கண்ணெதிரே துவண்டது. சார் வரப்பில் உட்கார்ந்து, வாழ்நாளில் முதல் தடவையாக வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். ஆடு ஒன்று அவர் தோளில் மூக்கை வைத்தது, அதைக்கூடத் தள்ளவில்லை. தென்கிழக்கிலிருந்து காற்று ஈரமாக முகத்தில் பட்டது. பிறகு மேற்கே ஒரு மேகம் காலிஃப்ளவர் மாதிரி பொதபொதவென்று எழும்பியது. இன்னொன்று. வெயில் மங்கியது. வெள்ளையம்மாள் ஆடுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கொட்டகையில் கட்டினாள்.

இடித்துக்கொண்டு கொட்டியது. காய்ந்த மண் குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. கொட்டகைக்குள் நாங்கள் ஓடினோம். சார் மட்டும் வரப்பிலேயே நின்று சொட்டச் சொட்ட நனைந்தார். வருஷக்கணக்காக மழை இல்லாத நாளெல்லாம் குடை தூக்கிய மனுஷர், மழை வந்த அன்று குடையை எரித்துவிட்டு நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வெள்ளையம்மாளுக்கு அழுகை மட்டும்தான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, பேர் முழுக்கக் கொடும்பாவிக்குப் போய்விட்டது. "சாருக்கு என்னா ராசி பாத்தீகளா! சட்டை வேகுறதுக்குள்ள மேகம் கட்டிருச்சு" என்று கருப்பையா ஊரெல்லாம் சொன்னார். வரைபடம், ஈரக் குமிழ், வலம்சுற்றும் காற்று எதுவும் எடுபடவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. சார் தும்மிக்கொண்டே, "சரி, இருக்கட்டும்" என்றார்.

மறு சித்திரையில் கருப்பையா மறுபடி கூப்பிட்டார். "அம்மா, மழையைக் காணோம். சாரு சட்டை ஒண்ணு கெடைக்குமா?" சாரிடம் சொன்னேன். "குடுக்கலாமே" என்றார். மறுநாள் கொண்டுவரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஆலங்குடியிலிருந்து ஃபோன் மேல் ஃபோன். மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். ஒரு காலை செய்தித்தாள் பொட்டலம் என் மேசைக்கு வந்தது. தற்செயலாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். வட்டத்தின் நடுப்புள்ளி கடலில் இருந்தது. சாரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சார், இது..."

"வாய்ப்பு உண்டு, மல்லிகா."

அன்று எரித்தார்கள், அன்று பெய்தது. முன்னறிவிப்பை அச்சடித்துக் கொடுத்தபோது பொட்டலம் மடித்த ஊர், சட்டையாக அனுப்பியபோது மரியாதையாக வாங்கிக்கொண்டது. ஓய்வுபெற்று மகனோடு திருச்சிக்குப் போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. மாமியார் கடலுக்குப் போன அன்று காலை முதல் பஸ்ஸில் பொட்டலம் வந்துவிடும். ஒரே ஒரு தடவை பொய்த்தது. சட்டை எரிந்தது, மழை வேறு பக்கம் போய்விட்டது. சாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. கருப்பையாதான் சமாதானம் சொன்னார். "அது டெரிகாட்டன் சட்டைம்மா. பருத்தின்னா பெஞ்சிருக்கும்."

வெள்ளையம்மாள் மட்டும் எரிக்கிற வரைக்கும் காத்திருப்பதில்லை. பஸ்ஸிலிருந்து பொட்டலம் இறங்கியது என்று கேள்விப்பட்டதுமே ஆட்டைக் கட்டிவிட்டு, மடையைத் திருப்பப் போய்விடுவாள். ஒரு தடவை என்னிடம், "சாரு சட்டை அனுப்புறதுக்கு முந்தி எங்கிட்டுப் பாப்பாரு, மேலயா, பொட்டியிலயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சிரித்துக்கொண்டு போனாள். ஊரில் யாரிடமும் அவள் சொல்லவில்லை.

போன மார்கழியில் சார் போய்விட்டார். திருச்சிக்குப் போய் மாலை வைத்தேன். அதுவரை அடக்கி வைத்திருந்தது அங்கே உடைந்து, அதிகாரி என்பதெல்லாம் மறந்து தகப்பனுக்கு அழுகிற மாதிரி அழுதேன். புறப்படும்போது மாமி உள்ளே போய் ஒரு பெரிய பை கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் வெளிர் நீலம், எல்லாம் அரைக்கை, துவைத்து மடித்தது. "மல்லிகாவண்ட குடு, அவளுக்குப் பாக்கத் தெரியும்னார். எதைப் பாக்கறதுன்னு எனக்குச் சொல்லலை" என்றார்.

பை என் பீரோவில் இருக்கிறது, அது ஆலங்குடிப் பக்கமும் தெரிந்துபோயிற்று. இளம்பிள்ளைகள் இருவரும் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தப் பைதான். படித்துவிட்டுச் சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் கருப்பையாவிடம் போய் உளறிவிடாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வெள்ளையம்மாள் கூப்பிட்டாள். சித்திரை வெயில் பொளக்கிறது, வேப்பிலை அசையவில்லை, போரில் தண்ணீர் நூலாகிவிட்டது, கடலை காய் பிடிக்கிற பருவம்.

"மல்லிகாம்மா, கருப்பையாண்ணன் வைக்கோலெல்லாம் கட்டி வச்சுட்டாரு. சாரு சட்டை எப்ப வரும்?"

ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, அதிலேயே வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். வட்டம் நம் தலைக்கு நேரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. மின்விசிறியைப் பார்த்தேன்.

"சட்டை அயர்ன் கடையில இருக்கு வெள்ளையம்மா."

அந்தப் பக்கம் அவள் ஆட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள். "இருக்கட்டும்மா. மாமியா கெளம்புனதும் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் கன்னைப் பாத்துக்கிறேன்."